ஓடும் ஆற்றின் கரையில்



உளூவின் பாடத்தை நாம் இருபது ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். ஷவ்வாலில் புதிய பாட ஆண்டு தொடங்கியதும் ஃபர்ளுகள், சுன்னத்துகள், மக்ரூஹ்கள் என வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவோம். தண்ணீரை வீணாக்குவது மக்ரூஹ் என்னும் இடம் வந்ததும் ஸஅத் (ரலி) அவர்களின் ஹதீஸைக் கூறுவது எமது வழக்கம். அவர்கள் உளூச் செய்துகொண்டிருந்தபோது நபி (ஸல்) அவர்கள் அவ்வழியே வந்து, இது என்ன வீண்விரயம் என்று வினவினார்கள். உளூவிலும் வீண்விரயம் உண்டா என்று ஸஅத் (ரலி) கேட்க, ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும் உண்டு என்ற பொருளில் விடையளித்தார்கள். இப்னு மாஜாவில் வரும் இந்த ஹதீஸின் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் இருப்பதாக ஹதீஸ்கலை அறிஞர்கள் கூறுவர். கருத்தில் எவருக்கும் மாற்றமில்லை. நபியவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில் உளூச் செய்துவிடுவார்கள் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. ஒரு முத்து என்பது இன்றைய அளவில் ஏறத்தாழ முக்கால் லிட்டர். ஹனஃபி கணக்கில் சற்றுக் கூடும். எமது மத்ரஸாவின் குழாயடியில் ஒரு மாணவன் முகம் கழுவி முடிப்பதற்குள் அதுபோல் எத்தனையோ முத்துகள் சாக்கடைக்குள் போய்விடும்.

2024-ஆம் ஆண்டும் வழக்கம்போல் இந்த ஹதீஸைச் சொன்னோம். பத்து வயதுப் பையன் ஒருவன் எழுந்து நின்றான். "ஹஜ்ரத், ஓடுற ஆறுன்னா எப்படி இருக்கும்?"

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்துவிட்டு, ஆற்றில் தண்ணீர் ஓடிப் பார்த்தவர்கள் கை உயர்த்துங்கள் என்றோம். மூன்று கைகள் உயர்ந்தன. ஒருவன் கேரளத்தில் பார்த்திருந்தான். ஒருவன் ரயிலில் போகும்போது பார்த்திருந்தான். மூன்றாமவன் பார்த்தது கைப்பேசியில் என்று விசாரித்தபின் தெரிந்தது. வண்டியில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய தொலைவில் ஓர் ஆறு இருக்கிறது. அதைக் காட்டாமலேயே அதன் கரையில் உளூச் செய்யும் ஒழுக்கத்தை இருபது ஆண்டுகளாகக் கற்பித்திருக்கிறோம்.

அந்த ஆற்றுக்குப் பெயர்கள் பல. சங்கராபரணி என்பர், வராக நதி என்பர், செஞ்சிப் பக்கத்தில் செஞ்சியாறு. செஞ்சிக்கு மேற்கேயுள்ள மலைகளில் பிறந்து, வீடூரில் தொண்டியாற்றைச் சேர்த்துக்கொண்டு, திருவக்கரையைத் தொட்டு, புதுச்சேரி எல்லைக்குள் நுழைந்து வில்லியனூர் வழியாகக் கடலுக்குச் செல்கிறது. முழு நீளமும் நூறு கிலோமீட்டரைத் தொடாது. காவிரியும் பாலாறும் ஆறு என்று பெயர் வாங்கிய நாட்டில் இதனை ஓடை என்று சொல்லிவிடுவோரும் உண்டு. ஆனால் வழியிலுள்ள ஊர்களுக்கு இதுவே ஆறு. 1950-களின் இறுதியில் கட்டப்பட்ட வீடூர் அணை 32 அடி உயரம் உடையது. 605 மில்லியன் கன அடி கொள்ளும். அதன் பாசன நிலம் 3,200 ஏக்கர். இதில் 2,200 ஏக்கர் தமிழகத்திலும் 1,000 ஏக்கர் புதுச்சேரியிலும் உள்ளன. இந்தக் கணக்கை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம், பின்னர் தேவைப்படும்.

மாணவர்களை அழைத்துப் போவதாகச் சொல்லிப் பல மாதங்கள் தள்ளிப்போட்டோம். வெயில் காலத்தில் ஆறு வெறும் மணல். பிறகு மழை வந்தது. நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. வீடூர் அணையிலிருந்து உபரி நீர் திறந்துவிடப்பட, சங்கராபரணி இரு கரையும் புரண்டது. வில்லியனூர்ப் பக்கத்தில் வீடுகளை விட்டு வெளியேறிய உறவினர்களுக்காக இங்கிருந்து அரிசியும் போர்வையும் அனுப்பினோம். ஆறு எப்படி இருக்கும் என்று கேட்ட பையன் அப்போது மறுபடியும் வந்து, "இப்ப போலாமா ஹஜ்ரத்?" என்றான். இப்போது வேண்டாம் என்றோம்.

2025 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருபத்திரண்டு மாணவர்கள், ஒரு வேன், இரண்டு தேக்சா பிரியாணி என்று புறப்பட்டு மயிலம் வழியாகத் திருவக்கரை சென்றோம்.

ஊருக்குப் போகும் வழியிலேயே கல்மரப் பூங்கா இருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாக்கும் இடம். செம்மண் மேட்டில், வெட்டிப் போட்ட மரத்துண்டுகள்போல் கற்கள் கிடக்கின்றன. அருகே போய்ப் பார்த்தால் மரத்தின் வளையங்கள் அப்படியே தெரிகின்றன, முடிச்சுகள்கூடத் தெரிகின்றன. தொட்டால் கல். சொனெரா என்னும் பிரெஞ்சு இயற்கையியலாளர் 1781-ஆம் ஆண்டிலேயே இவற்றைப் பற்றிக் குறித்து வைத்திருக்கிறார். வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள். மண்ணுக்குள் புதைந்த மரத்தில் சிலிக்கா கலந்த நீர் ஊறி, மரத்தின் அணுக்கள் இருந்த இடத்தையெல்லாம் மெல்ல மெல்லக் கல்லால் நிரப்பிவிட்டது. ஊர் மக்களின் பழங்கதையில் இவை ஓர் அசுரனின் எலும்புகள். மாணவர்களுக்கு இந்தக் கதைதான் மிகவும் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

எமக்குப் பிடித்தது வேறொரு செய்தி. இம்மரங்களுக்கு வேர் இல்லை, கிளை இல்லை, இலையின் தடயம் இல்லை, வெறும் தண்டுகள். ஆகவே இவை இங்கே வளர்ந்தவையல்ல, எங்கிருந்தோ பெருவெள்ளம் உருட்டிக்கொண்டு வந்து மணலில் போட்டவை என்று ஆய்வாளர்கள் கூறுகிறார்கள். இதை விளக்கியதும் ஒருவன் கேட்டான்: "அப்போ நம்ம ஆறு அவ்வளவு பெருசா இருந்துச்சா?" நம்ம ஆறு என்று சொல்லிவிட்டான், இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. அது இந்த ஆறு அல்ல, அக்காலத்து நிலமும் நீரும் வேறு என்றோம். அந்த மரங்கள் கல்லாவதற்குத் தண்ணீரும் மணலும் சேர்ந்து எத்தனை இலட்சம் ஆண்டுகள் உழைத்தனவோ என்று வியந்துகொண்டே வேனில் ஏறினோம். மணல் என்ற சொல்லை அப்போது எந்த உறுத்தலும் இல்லாமல்தான் சொன்னோம்.

ஆறு ஓடிக்கொண்டிருந்தது. புயலுக்குப் பிறகு வடிந்து, முழங்காலளவுக்குத் தெளிந்த நீராக, பாறைகளைச் சுற்றிக்கொண்டு போனது. கரையோரக் கருவேல முட்களின் உச்சியில் வெள்ளத்தில் வந்த கிழிந்த துணிகளும் பிளாஸ்டிக் பைகளும் தொங்கின. அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் வந்திருக்கிறது என்று மாணவர்களே கண்டுபிடித்தார்கள். லுஹருக்கு நேரமாகிவிட்டது. ஒவ்வொருவரிடமும் ஒரு டம்ளரைக் கொடுத்து, இதில் மொண்டு இதற்குள்ளேயே உளூவை முடியுங்கள் என்றோம். எதிரே அவ்வளவு தண்ணீர் ஓடும்போது டம்ளரில் அளந்து உளூச் செய்வது அவர்களுக்கு முதலில் வேடிக்கை, பிறகு போட்டியாகிவிட்டது. பாடம் இனிதே நடந்துவிட்டது என்ற நிறைவில் நாம் நின்றிருந்தபோதுதான் அக்குரல் கேட்டது.

"பாய், பசங்கள அந்தப் பக்கம் விடாதீங்க! பள்ளம்!"

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தடியை ஓங்கியபடி ஓடி வந்தார். நான்கு மாணவர்கள் பாறையைச் சுற்றி அப்பால் இறங்கப் போயிருந்தார்கள். அவர் தடியைத் தண்ணீருக்குள் விட்டுக் காட்டினார். மேலே பார்த்தால் முழங்கால் ஆழம்போல் இருந்த இடத்தில் தடி முழுவதும் உள்ளே போனது. அவர் கையும் முழங்கை வரை நனைந்தது. தரை தட்டவில்லை.

மாணவர்களைக் கரையேற்றிவிட்டு, நடுக்கம் தீர அவருடன் உட்கார்ந்தோம். பிரியாணியை வாங்கிச் சாப்பிட்டார். பசங்களின் தொப்பியைப் பார்த்துவிட்டுத் தாமாகவே தேசிங்குராஜன் கதையை எடுத்தார். அவருடைய பாட்டனார் அதைப் பாடுவாராம். செஞ்சிக் கோட்டையைத் தெரிந்த எம் மாணவர்களில் ஒருவனுக்கும் மகபத்கானைத் தெரியவில்லை. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகான் 1714-இல் செஞ்சியின் மீது படையெடுத்து வந்தபோது தேசிங்கின் பக்கம் நின்று உயிர்விட்ட நண்பர் அவர். கதைப்பாடலின்படி வழுதாவூரில் தம் திருமணக் கோலத்தில் இருந்தவர், நண்பனின் ஓலை கண்டு அப்படியே புறப்பட்டு வந்தார். அன்றைக்கு இந்த ஆற்றில் வெள்ளம். குதிரையோடு அதைக் கடந்துதான் போருக்குப் போனார்கள். நாட்டார் நாவில் அவர் பெயர் மோவுத்துக்காரன். மேலே செஞ்சி, கீழே வழுதாவூர், நடுவில் நாங்கள் அமர்ந்திருந்த கரை. பெரியவர் சொல்லச் சொல்ல மாணவர்கள் வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த வரலாற்றை அவர்களுக்கு நாமல்லவா முன்பே சொல்லியிருக்க வேண்டும்?

பிறகு பள்ளத்தைப் பற்றிக் கேட்டோம். வெள்ளம் பறித்ததா?

"வெள்ளம் எங்க பாய் பறிக்குது. ராத்திரியில வந்து அள்ளிட்டுப் போறானுங்க. எங்க கெணறு முன்ன நாலு ஆள் ஆழத்துல தண்ணி குடுக்கும். இப்ப போர் போட்டாலும் காத்துதான் வருது." சற்று நிறுத்திவிட்டுச் சிரித்தார். "ஊர்ல பாதிக் கட்டடம் எங்க ஆத்துமேலதான் நிக்குது. கோயிலு, சர்ச்சு, மசூதி எல்லாந்தான்."

அவர் குற்றம் சாட்டவில்லை, பேச்சுவாக்கில் சொன்னார். ஆனால் எம் தொண்டையில் சோறு நின்றுவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன்பு எமது மத்ரஸாவின் மாடியைக் கட்டியபோது கணக்குப் புத்தகத்தை எழுதும் பொறுப்பு எம்மிடம் இருந்தது. சிமெண்டுக்கு ரசீது உண்டு. கம்பிக்கு உண்டு. செங்கலுக்கும் உண்டு. மணல் மட்டும் இஷாவுக்கு வெகுநேரம் கழித்து வந்தது, ரசீது இல்லை, விலையும் வெளியில் விற்றதைவிடக் குறைவு. எந்த ஆற்று மணல் என்று கேட்கலாமா என நினைத்து ஒரு நிர்வாகியிடம் பேச்சைத் தொடங்கினோம். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு ஹஜ்ரத், பிள்ளைங்க படிக்கிற இடம், சீக்கிரம் முடியட்டும்" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நாமும் நல்லெண்ணத்தில்தான் வாயை மூடிக்கொண்டு, "மணல் – 3 லோடு" என்று எழுதித் தொகையைப் போட்டோம். தமிழகத்தில் ஆற்று மணல் குவாரிகளை 2003 முதல் அரசே நடத்துகிறது. ரசீதில்லாமல் இரவில் வரும் மணல் எப்படிப்பட்டது என்பதை அறியாத வயதும் எமக்கு இல்லை. அந்த மாடியில் அமர்ந்துதான் உளூவில் வீண்விரயம் கூடாது என்ற ஹதீஸை நடத்துகிறோம்.

மணலுக்கும் கிணற்றுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். ஆற்று மணலின் கன அளவில் கால் பங்குக்கும் மேல் இடைவெளிதான். மழைக்காலத்தில் அந்த இடைவெளியெல்லாம் நீர் நிறைந்து, ஆறு வற்றிய பின்பும் மாதக்கணக்கில் உள்ளே தங்கி, இரு கரையிலுமுள்ள கிணறுகளுக்கு மெல்ல ஊறிப் போகும். மணலை அள்ளிவிட்டால் அந்தச் சேமிப்பு போயிற்று. அத்துடன் ஆற்றின் தரை தாழ்ந்துவிட, நிலத்தடி நீர் கிணற்றை விட்டு ஆற்றை நோக்கி வடிந்துவிடும். வாய்க்கால்களின் தலைப்பும் உயரத்தில் நின்றுவிடும். இதற்குமேல் இரு பக்கமும் கரை சரிய, வெள்ளக் காலத்தில் வயலுக்குள் ஆறு புகும்.

எம் ஜமாஅத்தில் தண்ணீர் பற்றி பயான் செய்ய வேண்டுமென்றால் உஸ்மான் (ரலி) அவர்கள் ரூமா கிணற்றை வாங்கி மக்களுக்கு விட்ட வரலாற்றைச் சொல்வோம். சொல்ல இனிமையானது, கேட்பவர்கள் கைப்பம்பு போடுவதற்குப் பணமும் தருவார்கள். மதீனாவின் மஹ்ஸூர் ஓடை பற்றி மிம்பரில் நாம் கேட்டதேயில்லை, நாமும் சொன்னதில்லை. அந்த ஓடை நீரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் அளித்த தீர்ப்பு அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் உள்ளது. மேலே இருப்பவர் கணுக்கால் அளவுக்குத் தண்ணீரைத் தேக்கிக்கொண்டு, மீதியைக் கீழே இருப்பவருக்கு விட்டுவிட வேண்டும். ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரி ஒருவருக்கும் ஹர்ரா வாய்க்கால் தொடர்பாக எழுந்த வழக்கிலும் நபியவர்கள் முதலில் சொன்னது இதுவே: நீர் பாய்ச்சிக்கொண்டு அண்டை வீட்டாருக்கு விடுங்கள். தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றில் மக்கள் அனைவரும் கூட்டாளிகள் என்ற ஹதீஸையும் இத்துடன் சேர்த்துப் படித்தால் ஆறு யாருடையது என்பது விளங்கும். வீடூர் அணைக் கணக்கை நினைவில் வைக்கச் சொன்னோம் அல்லவா? 2,200 ஏக்கருக்கு மேல்கரையாரும் 1,000 ஏக்கருக்குக் கீழ்கரையாரும் பங்காளிகள். அதற்கும் கீழே சுத்துக்கேணி வாய்க்கால் வழியே இதே ஆற்று நீர் ஊசுட்டேரிக்குப் போகிறது. செல்லிப்பட்டுக்கும் பிள்ளையார்குப்பத்துக்கும் இடையே பிரெஞ்சுக்காரர் 1906-இல் கட்டிய படுகை அணை, தன் பங்குக்குத் தண்ணீரைத் தேக்கி வந்தது. 2021 நவம்பர் வெள்ளத்தில் உடைந்து போயிற்று. இத்தனை பேருக்கும் கூட்டுச் சொத்தானதில் மூன்று லோடு எடுத்து நாம் மாடி கட்டியிருக்கிறோம். அது இந்த ஆற்று மணலா, வேறோர் ஆற்று மணலா என்பதால் கணக்கு மாறப்போவதில்லை.

திரும்பி வந்தபின் எம்முடைய மூத்த உஸ்தாத் ஒருவரிடம் மஸ்அலா கேட்டோம். பறித்த பொருளை உரியவரிடம் திருப்பிக் கொடுப்பதே சட்டம். உரியவர் ஓர் ஊரே ஆனால் என்ன செய்வது? அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். தொழுகை கூடும், அதில் வஸ்வாஸ் வேண்டாம் என்றார். பிறகு, "பாவம் உங்க பேனாவுலயும் இருக்கு. அந்த ஊர்க்காரங்ககிட்டயே போய்க் கேளுங்க, என்ன வேணும்னு" என்றார்.

அதற்குமுன் நிர்வாகக் கூட்டத்தில் சொல்ல வேண்டியிருந்தது. எளிதாக இல்லை. முடிந்த விஷயத்தை ஏன் கிளற வேண்டும் என்றார் ஒருவர். எல்லாரும் அப்படித்தானே கட்டுகிறார்கள் என்றார் இன்னொருவர். முத்தவல்லி மட்டும் பழைய கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இது உங்க கையெழுத்துதானே ஹஜ்ரத்?" என்று கேட்டார். ஆம் என்றோம். கூட்டம் அன்று எந்த முடிவும் இல்லாமல் கலைந்தது. அடுத்த கூட்டத்தில், புதிதாகக் கட்டவிருக்கும் ஹவுளுக்கு ரசீதுள்ள எம்-சாண்ட் மட்டுமே வாங்குவது என்று தீர்மானமாயிற்று. நிம்மதியோடு விலைப்பட்டியலைப் பார்த்தால், அந்த எம்-சாண்ட் வருவதும் திருவக்கரைப் பக்கத்துக் கல்குவாரிகளிலிருந்துதான். அங்கே பாறையை உடைக்கிறார்கள். கிரஷர் தூசி வயலில் படிகிறது. போகும் வழியில் வேனின் கண்ணாடியை ஏற்றச் சொன்னதே அதனால்தான். இதற்கு எம்மிடம் விடையில்லை. ரசீது இருக்கிறது, அவ்வளவே.

மறுபடியும் திருவக்கரை போனோம், இம்முறை வாப்பாமார் இருவருடன். பெரியவரைத் தேடிப் பிடித்து நடந்ததைச் சொன்னோம். மூன்று லோடின் அன்றைய சந்தை விலையைக் கணக்கிட்டு ஒரு கவரில் வைத்திருந்தோம். அவர் கவரைத் தொடவில்லை. "இத வாங்கி நான் என்ன பாய் பண்றது? ஆத்துல போட்டா மணலாயிடுமா?" என்று கேட்டுவிட்டு, ஆற்றிலிருந்து தங்கள் ஏரிக்கு வரும் வரத்து வாய்க்காலைக் காட்ட அழைத்துப் போனார். முழுவதும் சீமைக்கருவேலம், உள்ளே ஆள் நுழைய முடியாது. வெள்ளக் காலத்தில்கூட ஏரிக்கு அரைத் தண்ணீர்தான் போயிற்றாம். "பசங்கள ரெண்டு நாள் அனுப்புங்க. பெரிய பசங்களா. கத்தி நாங்க தரோம்."

கவரிலிருந்த பணத்துக்கு ஜேசிபி வாடகை கேட்டிருக்கிறோம். வேரோடு எடுத்தால்தான் மறுபடி முளைக்காது என்கிறார்கள். பொதுப்பணித் துறைக்கு ஊராட்சி மூலம் மனுவும் போயிருக்கிறது. அனுமதி வரும் வரை கரையோர முட்களை மட்டும் வெட்டலாம் என்று ஊரார் சொல்லிவிட்டார்கள். வருகிற ஞாயிறு ஃபஜ்ருக்குப் பின் வேன் புறப்படுகிறது. பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை அனுப்ப விரும்பும் பெற்றோர் முழுக்கைச் சட்டையும் கனத்த செருப்பும் போட்டு அனுப்பவும். முள் காலில் ஏறினால் சீழ் வைக்கும். கேள்வி கேட்ட பையனுக்கு இன்னும் பதினொன்றுகூட ஆகவில்லை. தண்ணீர்க் குடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையாவது கொடுங்கள் என்று தினமும் வந்து நிற்கிறான். கொடுத்திருக்கிறோம்.